ஏரி தெரியும் பக்கம்

இருபத்தாறு வருஷம் மலைப்பாதையில் பஸ் ஓட்டிய புருஷன் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கும்போது, பஸ் நேரம் விசாரிக்க அவள் எதற்காக அரை நாள் லீவு போட்டுக்கொண்டு பஸ் நிலையத்துக்கு அலைய வேண்டும்? மகள் போனில் இதைத்தான் கேட்டாள். கேட்பவர்களுக்கு என்ன, சுலபம். அந்த மனிதர் வாயில் வருகிற நேரமெல்லாம் ஆறு வருஷத்துப் பழசு என்பது கூடவே இருப்பவளுக்குத்தான் தெரியும். ஆறே காலுக்கு ஒரு வண்டி, ஏழு பத்துக்கு ஒன்று, எட்டரைக்கு எக்ஸ்பிரஸ் என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். அதில் பாதி வண்டிகளை நிறுத்தியாகிவிட்டது. மீதிக்கு நேரம் மாறிவிட்டது. சொன்னால் முகம் சின்னதாகிப் போகும். அதனால் சொல்லாமல் கொள்ளாமல் தானே போய்க் கேட்டுக்கொண்டு வந்தாள்.

டிப்போவில் அவருக்கு நிதானம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. பின்னால் வருகிறவன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தாலும், போ ராசா என்று ஒதுங்கி வழிவிட்டுத் தன் வேகத்தில் மலை ஏறுகிற ஆள். இருபத்தாறு வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. வீட்டிலும் அதே நிதானம்தான். விக்கலுக்குத் தண்ணீர் கேட்டால், விக்கல் நின்று கால் மணி கழித்துத் தம்ளர் வந்து சேரும்.

அவளுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. சட்டை தைக்கும் கம்பெனியில் செக்கிங் மேஜையில் நிற்பவள். ஒரு நாளைக்கு நானூறு சட்டை அவள் கண் முன்னால் போகும். ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும், ஒரு பட்டன் மயிரிழை தள்ளியிருந்தாலும் எடுத்துத் தனியாகப் போட்டுவிடுவாள். அதனால் கழுகக்கா. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனாலும் அவள் காதுக்கு வந்திருந்தது, உள்ளூர அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்தக் கழுகின் வீட்டுக்காரருக்குத்தான் கண் போய்க்கொண்டிருந்தது.

ஆறு வருஷத்துக்கு முன்னால், டிப்போவில் வருஷா வருஷம் நடக்கும் கண் பரிசோதனையில் அவரை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். கண் நரம்பு காய்கிறது என்றார்கள். வண்டியை வாங்கிக்கொண்டு, ஸ்டோரில் உட்காரவைத்து, போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலையைக் கொடுத்தார்கள். போன வருஷம் வலது கண் முழுக்க அணைந்துவிட்டது, அந்த வேலையும் நின்றது. இடது கண்ணில் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிச் சுருங்கி, குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் ஆகிவிட்டது. நேரே இருப்பது தெரியும். பக்கத்தில் இருப்பது தெரியாது. வெளிச்சம் மங்கினால் எதுவுமே தெரியாது.

டாக்டரம்மா ஒளிவுமறைவு வைத்துப் பேசுகிறவர் இல்லை.

"வியாழக்கிழமை ஆபரேஷன். இருக்கற பார்வை நிக்கலாம். ஆபரேஷன்லயே போயிடவும் செய்யலாம். பண்ணாம விட்டா ரெண்டு மூணு மாசத்துல எப்படியும் போயிடும். யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். மறுநாள் காலை அவர் டீத் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"எனக்கு அந்த ஏரியைப் பாக்கணும்."

"எந்த ஏரி?"

"நான் ஓட்டின ரூட்ல இருக்கே, அது."

"இருபத்தாறு வருஷம் பாத்தது பத்தலயா?"

"நான் எங்க பாத்தேன்?"

அவளுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. அவர் நிதானமாகச் சொன்னார். பதினெட்டாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டினால் ஒரு நேர் ரோடு வரும். அங்கேதான் ஏரி தெரியும். ஒரு நிமிஷம்கூட இருக்காது. அதற்குள் வண்டியில் இருக்கிற சனமெல்லாம் எழுந்து இடது பக்கம் சாய்ந்துவிடும். வண்டியே ஒரு பக்கமாக இழுக்கும். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"எனக்கு ஏரின்னா அந்த இழுப்புதான். அப்பப்ப பின்னால 'ஆகா, ஊகூ'ன்னு சத்தம் கேக்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"ஒரு தடவைகூடவா திரும்பிப் பாக்கல?"

"ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், பின்னால அம்பது உசுரு. எப்படித் திரும்பறது?"

"லீவு நாள்ல போயிருக்கலாமே?"

"லீவு நாள்ல பஸ் ஏற எந்த டிரைவருக்கு மனசு வரும்?"

அவளும் அந்த ஏரியைப் பார்த்ததில்லை. மலை ரூட் டிரைவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. எந்த ஆபீசும் எழுதி ஒட்டியதல்ல, அவர்களாகவே வைத்துக்கொண்டது. தான் ஓட்டுகிற வண்டியில் சொந்தக் குடும்பத்தை ஏற்றக்கூடாது. அம்பது பேரும் ஒரே மாதிரி இருந்தால்தான் கை நடுங்காது, அதில் ஒருத்தர் மட்டும் ஒசத்தியாகிவிட்டால் வளைவில் மனசு பின்னால் போய்விடும் என்பார் அவர். கல்யாணமான புதிதில் அவள் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தாள். அப்புறம் விட்டுவிட்டாள். மகளும் கேட்டு, அழுது, அவளும் விட்டுவிட்டாள்.

ஆக, ஆபரேஷனுக்கு முன்னால் ஏரியைப் பார்த்தாக வேண்டும். மகள், வேறு ஊரில் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், புதன்கிழமை சாயங்காலம்தான் வரமுடியும் என்றாள். ஆனால் உடனே ஒரு வழியும் சொன்னாள்.

"அம்மா, நான் இங்கயிருந்தே ஒரு கார் ஏற்பாடு பண்ணிடறேன். வாசல்ல ஏறுங்க, வாசல்ல இறங்குங்க. இந்த நேரத்துல பஸ், ரயில்னு எதுக்கு அவரைப் போட்டு அலைக்கழிக்கறீங்க?"

போனை வாங்காமலேயே அவர் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தார்.

"கார்ல போனா சுவத்தைத்தான் பாக்கணும்னு சொல்லு."

அதுவும் உண்மைதான். அந்த நேர் ரோட்டில் பள்ளத்தை ஒட்டிக் கட்டியிருக்கிற தடுப்புச் சுவர் கார் ஜன்னலுக்கு மேலே நிற்கும். நிறுத்தி இறங்கிப் பார்க்கலாம் என்றால் அங்கே வண்டி நிறுத்தக்கூடாது. பஸ் சீட்டின் உயரத்திலிருந்தால் மட்டும்தான் சுவருக்கு மேலே கண் போகும். காரில் வந்து ஏமாந்துபோய், மறுபடி பஸ்ஸில் ஏறிப் பார்த்துவிட்டுப் போனவர்களை அவர் தன் வண்டியிலேயே ஏற்றியிருக்கிறார்.

இப்படித்தான் அவள் பஸ் நிலையத்தின் நேரக் காப்பாளர் அறைக்குப் போய் நின்றாள். கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தவர் அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"நிதானம் அண்ணன் வீட்டு அண்ணிதானே? அண்ணன் எப்படி இருக்காரு?"

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் ஒரு தாளை எடுத்து நேரங்களை எழுதிக் கொடுத்தார்.

"இங்கயிருந்து நேர் வண்டி இப்ப இல்ல அண்ணி. அடிவாரம் வரைக்கும் பாசஞ்சர் ரயில்ல போயிருங்க, குலுங்காது. அங்க ஒம்பது பத்துக்கு மலை வண்டி. மேல இருந்து பதினொன்னே முக்காலுக்கு ஒண்ணு, ரெண்டரைக்கு ஒண்ணு இறங்கும். பாக்கறத காலையிலயே பாத்துருங்க. மதியத்துக்கு மேல மூட்டம் ஏறிடுச்சுன்னா ஏரியும் தெரியாது, எதுவும் தெரியாது."

வீட்டுக்கு வந்து, சட்டைக்குள் வைக்கிற வெள்ளை அட்டை ஒன்றை எடுத்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, அவள் திட்டத்தை எழுதினாள். ஐந்து நாற்பதுக்கு டவுன் பஸ். ஆறே காலுக்கு ரயில். எட்டரைக்கு அடிவாரம். வண்டி வந்து நிற்கும்போதே முதல் ஆளாக ஏற வேண்டும். ஏறும்போது ஏரி இடது பக்கம், இருக்கிற கண்ணும் இடது கண். பின் சக்கரத்துக்கு மேலே உட்கார்ந்தால் தூக்கிப் போடும், டாக்டரம்மா குலுங்கக் கூடாது என்றிருக்கிறார். ஆக, இடது பக்கம், முதல் சீட், ஜன்னல் ஓரம். மேலே போய் ஒரு பூங்கா, சாப்பாடு, ரெண்டரை வண்டியில் இறக்கம்.

அவள் கையைத் தாண்டி எதுவும் செக்கிங் ஆகாமல் போகக்கூடாது. திங்கட்கிழமை சாயங்காலம் முன்னறையில் நாற்காலியைப் போட்டு அவரை உட்காரவைத்தாள். இடது பக்கத்து ஜன்னல் விளிம்பில் ஒரு தட்டை நிறுத்தினாள்.

"தெரியுதா?"

"பாதி."

நாற்காலியைக் கொஞ்சம் திருப்பினாள்.

"இப்ப?"

"தட்டு தெரியுது. ஜன்னல் போயிருச்சு."

ஒரு தட்டளவு. அவருக்கு மிச்சமிருப்பது அவ்வளவுதான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தட்டைக் கழுவுகிற சாக்கில் சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

செவ்வாய்க்கிழமை எல்லாம் அட்டையில் எழுதினபடியே நடந்தது. டவுன் பஸ் இரண்டு நிமிஷம் முன்னாலேயே வந்தது. ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. அவர் வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு, பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவள் அப்படியே சொல்லவும் செய்தாள். "பாத்து முப்பது வருஷம் ஆச்சு, இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?" என்றார். சிரித்தார் என்றுகூடச் சொல்லலாம்.

அடிவாரத்தில் முதல் ஆளாக ஏறினார்கள். இடது பக்கம், முதல் சீட், ஜன்னல் ஓரம். கண்ணாடியை அவள் தன் கைக்குட்டையால் உள்ளேயும், கையை வெளியே நீட்டி வெளியேயும் துடைத்தாள். டிரைவர் சின்னப் பையன்தான், முப்பது வயதுகூட இருக்காது. ஏறி உட்கார்ந்ததும் இருக்கையைப் பின்னால் தள்ளிக்கொண்டு, ஒற்றைக் கையால் வண்டியைத் திருப்பி வெளியே எடுத்தான்.

நிதானத்தின் முகம் மாறியதை அவள் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. கவனித்தாள். சரி, தொழில் பாசம் என்று நினைத்துக்கொண்டாள். கழுகு என்று பெயர் வாங்கியவள் கோட்டை விட்டது அங்கேதான்.

முதல் சீட்டுக்கு எதிரே முழுசாக முன் கண்ணாடி. கண்ணாடி நிறைய ரோடு. வலது பக்கம் கை எட்டுகிற தூரத்தில் ஸ்டியரிங். இருபத்தாறு வருஷம் ரோட்டை மட்டுமே பார்த்த மனிதரைக் கொண்டுபோய் ரோட்டுக்கு நேரே உட்காரவைத்துவிட்டு, பக்கவாட்டில் ஏரி பார் என்றால் எப்படிப் பார்ப்பார்? நான்காவது வளைவில் அவர் வலது கால் தரையை அழுத்த ஆரம்பித்தது. ஏழாவது வளைவில் இடது கை கம்பியைப் பிடித்தது. பத்தாவது வளைவில் வாயும் சேர்ந்துகொண்டது.

"ஹாரன் அடிப்பா... அடி... ம். கியரை மாத்து."

அவர் முணுமுணுத்தது டிரைவர் காதில் விழவில்லை. அவள் காதில் விழுந்தது.

"டிக்கெட் எடுத்தவங்க யாரும் பிரேக் போடறதில்ல. காலை எடுங்க," என்றாள்.

காலை எடுத்தார். அடுத்த வளைவில் மறுபடி அழுத்தினார்.

ஒவ்வொரு வளைவிலும் மஞ்சள் பலகையில் எண் எழுதியிருந்தது. பதினாறு. பதினேழு. பதினெட்டில் வண்டி திரும்பும்போதே அவர் தோளைத் தொட்டாள்.

"ஏங்க, வருது. இந்தப் பக்கம் திரும்புங்க."

வளைவு முடிந்து நேர் ரோடு. பின்னால் சனம் எழுந்தது. யாரோ ஒரு பெண் "ஐயோ, எவ்வளவு அழகு!" என்று கத்தினாள். அதே நேரத்தில் எதிரே மரம் ஏற்றிய லாரி ஒன்று நடு ரோட்டில் இறங்கி வந்தது.

"ஏங்க! ஏரி!"

"இரு, இரு, லாரி வருது!"

"லாரியை அவன் பாத்துக்குவான், நீங்க திரும்புங்க!"

அவர் திரும்பவில்லை. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, காலைத் தரையில் ஊன்றி, அந்த லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவர் முகத்தைப் பிடித்துத் திருப்பப் பார்த்தாள். கழுத்து கல்லாக இருந்தது. லாரி உரசாமல் தாண்டிப் போனது. அவர் மூச்சை விட்டுவிட்டுத் திரும்பியபோது ஜன்னலில் பாறைதான் இருந்தது.

அவரோடு மல்லுக்கட்டியதில் அவளும் பார்க்கவில்லை.

மேலே பஸ் நிலையத்தில் ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அவள் ரொட்டியையும் வேகவைத்த முட்டையையும் எடுத்து வைத்தாள். இரண்டு பேரும் கை வைக்கவில்லை.

"விடு. இத்தனை வருஷம் பாக்கல, என்ன ஆச்சு? பாத்த மாதிரிதான்," என்றார்.

"பாத்த மாதிரின்னா என்ன அர்த்தம்? ஒரு வாரமா நான் நாயா அலைஞ்சிருக்கேன். அந்த லாரி உங்களை என்ன பண்ணிச்சு? நீங்களா ஓட்டினீங்க?" அவள் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து பெஞ்சில் இருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டு நாசூக்காக எழுந்து போனார்.

நிதானம் தன் வெள்ளைச் சட்டையின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டிருப்பதை அவள் பார்த்தாள். கோபம் அப்படியே வடிந்துபோய், அவளுக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை. மலை விளிம்பில் வெள்ளையாக ஏதோ மேலே ஏறிக்கொண்டிருந்தது. மூட்டம் இன்றைக்கு மதியம் வரைக்கும் காத்திருக்காது போலிருக்கிறது. மணி பதினொன்று இருபத்தைந்து. ரெண்டரை வண்டி என்று எழுதியிருந்த வரியை மனசுக்குள்ளேயே அடித்துவிட்டு, ரொட்டியைச் சுருட்டிப் பையில் போட்டாள்.

"எந்திரிங்க. பதினொன்னே முக்கால் வண்டியில இறங்கறோம்."

அதே வண்டிதான், அதே டிரைவர். இந்தத் தடவை அவள் முதல் சீட் பக்கமே போகவில்லை. இறங்கும்போது ஏரி வலது பக்கம். வண்டியின் நடுவில், வலது ஜன்னல் ஓரமாக அவரை உட்காரவைத்துவிட்டு, நடைபாதைப் பக்கம் தான் உட்கார்ந்தாள். முன்னால் உயரமான சீட்டுகள், ஆட்களின் தலைகள். ரோடு தெரியாது, தொல்லை விட்டது என்று நினைத்தாள்.

எங்கே விட்டது? மேலிருந்து இறங்கினால் இருபத்து நான்காவது வளைவுதான் முதலில் வரும். அது வருவதற்குள் அவர் அவள் பக்கமாகச் சாய்ந்து, தலைகளுக்கு நடுவே, நடைபாதை வழியாக முன் கண்ணாடியைத் தேட ஆரம்பித்துவிட்டார். குழாய் வழியாகப் பார்க்கிறவருக்கு அந்த இடைவெளி போதுமாக இருந்தது. கால் மறுபடி தரையை அழுத்தியது.

இருபத்து மூன்று.

"ஏங்க, இப்பவும் இப்படியே பண்ணினா எப்படி?"

"முடியலடி," என்றார். இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயால் அவள் கேட்டதில்லை. "வேணும்னு பண்ணல. கண்ணு தானாப் போகுது. இந்த இடத்துல யாராவது ரோட்டைப் பாக்கணும்ல?"

"டிரைவர் பாக்கறான்."

"அவனை எனக்குத் தெரியாது."

அவள் மடியிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"என்னைத் தெரியுமில்ல? நான் பாக்கறேன்."

அவர் புரியாமல் விழித்தார்.

"நான் ரோட்டைப் பாத்துச் சொல்லிக்கிட்டே வர்றேன். நீங்க அந்தப் பக்கம் திரும்புங்க."

அவள் உடம்பை நடைபாதைப் பக்கம் நகர்த்தி, முன் கண்ணாடி முழுசாகத் தெரிகிற இடத்துக்கு வந்து, கண்ணை அங்கே வைத்தாள். செக்கிங் மேஜையில் கண்ணை வைப்பதுபோலத்தான் வைத்தாள்.

"ரோடு காலி. இடது பக்கம் பாறையை ஒட்டிப் போறான். எதுக்க ஒரு ஜீப் வருது, தூரத்துல."

"ஹாரன் அடிச்சானா?" என்றார் அவர், இன்னும் முன்னாலேயே பார்த்தபடி.

"அடிச்சான், நீங்களும்தான் கேட்டீங்க. ஜீப் ஒதுங்கிருச்சு. தாண்டியாச்சு."

இருபத்து இரண்டு. சொல்வது சரியா என்று அவரும் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். அவள் ஒன்றையும் விடவில்லை. இருபத்து ஒன்றில், ரோட்டோரத்தில் ஒரு கல் பெயர்ந்து கிடப்பதை அவருக்கு முன்னால் அவள் பார்த்துவிட்டாள். "கல்லு கிடக்கு, விலகிப் போறான்," என்றாள். அவர் அந்தக் கல்லைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் வண்டி விலகிப் போய்விட்டது. அவள் பக்கம் சாய்ந்திருந்த பாரம் கொஞ்சம் குறைந்தது.

இருபது.

"பிரேக் போட்டுத் திருப்பறான். ஒத்தைக் கை இல்ல, ரெண்டு கையும்தான் வச்சிருக்கான். நல்லாத்தான் ஓட்டறான் பையன்."

தரையை அழுத்திக்கொண்டிருந்த கால் எழுந்தது.

பத்தொன்பது.

"இப்ப திரும்புங்க," என்றாள். இருக்கிற கண் இடது கண் என்பதால் வலது ஜன்னலைப் பார்க்க அவர் உடம்பையே திருப்ப வேண்டியிருந்தது. தோளைத் திருப்பி, முதுகைத் திருப்பி, ரோட்டுக்கு முழுசாக முதுகைக் காட்டி உட்கார்ந்தார். தாலி கட்டிய நாளிலிருந்து இந்த மனிதர் தன்னை நம்பி இப்படி—

இல்லை, அப்படியெல்லாம் எதையும் நினைக்க அவளுக்கு நேரமில்லை. வளைவு முடிந்து நேர் ரோடு வந்துவிட்டது.

"ரோடு காலி. லாரி இல்ல. பஸ் இல்ல. நேராப் போறான். மெதுவாத்தான் போறான்."

சுற்றிலும் ஆட்கள் எழுந்தார்கள். வலது பக்க ஜன்னல்களில் குவிந்தார்கள். ஒரு குழந்தை "தண்ணி! தண்ணி!" என்று குதித்தது. அவளுக்குக் கழுத்தைத் திருப்பினால் போதும். அவர் தலைக்கு மேலாக, ஜன்னலில், கல்யாணமான புதிதில் கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்ட ஏரி இருந்தது. பார்க்க வேண்டும் என்று அவளுக்கும் ஆசையாக இருந்தது. ஆனால் குரல் அரை வார்த்தை தடுமாறினாலும் அவர் திரும்பிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

"ரோடு காலி. ஒரு சைக்கிள்காரன் ஓரமா நிக்கறான். அவனைத் தாண்டியாச்சு. ரோடு காலி. இன்னும் வளைவு வரல. நீங்க பாருங்க. எதுவும் வரல. நல்லாப் பாருங்க. எதுவும் வரல."

கண்ணில் நீர் முட்டியது. ரோடு மங்கியது. சட்டென்று புறங்கையால் துடைத்துக்கொண்டு, மறுபடி கண்ணை ரோட்டில் வைத்தாள்.

"வளைவு வருது. பிரேக் போடறான். திரும்பறான். திரும்பியாச்சு."

பதினெட்டு என்ற மஞ்சள் பலகை பின்னால் போனது. எழுந்தவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டே உட்கார்ந்தார்கள். அவர் மட்டும் ஜன்னல் பக்கமே திரும்பி அப்படியே இருந்தார். ஜன்னலில் இப்போது பாறைதான் ஓடிக்கொண்டிருந்தது. முதுகு மெல்ல ஏறி இறங்கியது. அவள் கூப்பிடவில்லை.

அப்புறம் அவரே பேசினார்.

"பாத்துட்டேன்."

"ம்."

"முழுசாப் பாத்துட்டேன். ஒரு ஓரத்துல இருந்து இன்னொரு ஓரம் வரைக்கும், கொஞ்சம் கொஞ்சமா நகத்தி நகத்திப் பாத்தேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "நீ பாத்தியா?"

கேட்டுவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். அந்த ரோட்டில் ரோட்டைப் பார்க்கிறவர்களால் வேறு எதையும் பார்க்க முடியாது என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? அவர் கை சீட்டில் தடவித் தேடி அவள் கையைப் பிடித்தது.

"என்னை மாதிரியே ஆயிட்டியே," என்றார்.

"அதனால என்ன? நீங்க சொல்லுங்க. எப்படி இருந்துச்சு?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வழக்கமான நிதானத்தோடு, எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தார்.

"எல்லாரும் நீலம் நீலம்பாங்க. நீலமெல்லாம் இல்ல. ஓரத்துல மண்ணு கலரு, அப்புறம் பச்சை, நடுவுல போகப் போகக் கறுப்பு. ஒரே ஒரு படகு. அது போன தடம் அழியாமக் கோடு மாதிரி நின்னுச்சு. அந்தக் கரையில ஒரு வீடு, தகரக் கூரை, துணி காயப்போட்டிருக்காங்க..."

"துணி கூடவா தெரிஞ்சுது?"

"ரெண்டு சிவப்பு, ஒரு வெள்ளை."

அவர் சொல்லச் சொல்ல அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். நடுநடுவே, வேன் வருது, தாண்டியாச்சு என்று மெல்லிய குரலில் சொன்னாள். அவர் ஒரு தடவைகூட ரோட்டைப் பார்க்கவில்லை, கால் தரையை அழுத்தவும் இல்லை. அடிவாரம் வரும்வரை மிச்சமிருந்த பதினேழு வளைவுகளையும் அவளே பார்த்துக்கொண்டாள்.